பழைய மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம் செட்டு கெடச்சிருக்கு, புது டிவியில ஓடுமா?

கிராணிமவன்_சிப்புட்:
வணக்கம் எல்லாருக்கும். போன வாரம் அம்மா வீட்டு ஸ்டோர் ரூம ஒழுங்கு பண்ணிட்டு இருந்தோம், ரப்பர் தோட்டத்து குவார்ட்டர்ஸ விட்டு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தப்ப கட்டி வச்ச ஒரு மைலோ பெட்டி, இருவது வருசமா யாரும் பிரிக்கவே இல்ல, கயித்த அறுத்துப் பாத்தா உள்ள என்னோட மைக்ரோ ஜீனியஸ் செட்டு! ரெண்டு கைப்பிடி, ஒரு துப்பாக்கி, ஏழு கேசட், எல்லாம் அப்படியே இருக்கு. அடாப்டர் மட்டும் காணோம். கேசட்டுல ஒன்னு மஞ்ச கலரு, 42 ஆட்டம் உள்ளது, பின்னால சிவப்பு கியூட்டெக்ஸ்ல "ரா"ன்னு எழுதியிருக்கு, யாரு எழுதுனதுன்னு சுத்தமா ஞாபகம் இல்ல.

இது இப்ப இருக்கற பெரிய டிவியில ஓடுமா? சும்மா ஏதாவது அடாப்டர குத்திப் பாக்கலாமா? என் மவனுக்கு 12 வயசு, அவனுக்குக் காட்டணும்னு ஆசை. அந்த காலத்துல தொழிலாளி வரிசை வீட்டு லயத்துப் பசங்க எல்லாம் எங்க வீட்டுலதான் கெடப்பானுங்க, ஒரே டிவி, ஒரே செட்டு, சண்ட சச்சரவு இல்லாம மாத்தி மாத்தி ஆடுனோம். இப்ப இவன் என்னடான்னா கதவ சாத்திக்கிட்டு தனியா கத்திக்கிட்டு இருக்கான், யார்கிட்ட பேசுறான்னே தெரியல.

சால்டர்_மணி:
அண்ணே மொதல்ல ஒன்னு, கையில கெடச்ச அடாப்டர குத்தாதீங்க. அந்த காலத்து செட்டுல பாதிக்கு மேல நடு முனை நெகட்டிவ், இப்ப கடையில விக்கிறது முக்கால்வாசி நடு முனை பாசிட்டிவ். மாத்திக் குத்துனீங்கன்னா உள்ள இருக்கற 7805னு ஒரு சின்ன மூணு கால் சாமான், அதுதான் வர்ற வோல்ட்ட அஞ்சா கொறச்சு போர்டுக்கு அனுப்பும், அது போயிரும், நேரம் சரியில்லன்னா சிப்பும் சேந்து போயிரும். செட்டத் திருப்பி அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர படிங்க, எத்தன வோல்ட், வட்டத்துக்குள்ள புள்ளி எந்தப் பக்கம் கோடு போட்டிருக்கு, ஒரு படம் எடுத்துப் போடுங்க.

டிவி விசயம். பின்னால மஞ்ச கலர்ல ஓட்ட இருந்தா வேல சுளுவு, ஏவி ஒயர் போதும். ஏரியல் ஒயர் மட்டும்தான் இருக்குன்னா டிவியில அனலாக் டியூனர், அதான் பழைய முறையில சேனல் புடிக்கற சாமான், இருக்கணும். நம்ம மலேசியாவுல 2019லயே அனலாக் ஒளிபரப்ப நிறுத்தியாச்சு, ஆனா நெறைய டிவிக்குள்ள அந்த டியூனர் இன்னும் இருக்கு, அனலாக்னு போட்டு தேட விட்டீங்கன்னா பூச்சி பறக்கறதுக்கு நடுவுல எங்கயாச்சும் மாட்டும்.

துப்பாக்கிய மட்டும் மறந்துருங்க. அது புது டிவியில வேலையே செய்யாது. விசைய அழுத்துன ஒடனே திரை ஒரு கணம் கறுப்பாகும், அப்பறம் வாத்து இருக்கற எடத்துல மட்டும் வெள்ளக் கட்டம் வரும், துப்பாக்கி மூக்குல இருக்கற கண்ணு அந்த வெளிச்சத்த அந்த நேரத்துல பாத்தாத்தான் அடிபட்டதா கணக்கு. பழைய குண்டு டிவியில இது ஒடனே நடக்கும், இப்ப இருக்கற டிவி படத்த வாங்கி வச்சு கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் போடும், அதுக்குள்ள துப்பாக்கி கண்ண மூடிரும்.

மித்திக்_தம்பி:
சாரி குறுக்க வரேன், மைக்ரோ ஜீனியஸ்னா நிண்டெண்டோ தானே? எங்க மாமா வீட்டுல ஒரு ஸ்டிக்கர் பாத்திருக்கேன்.

சால்டர்_மணி:
இல்ல தம்பி. நிண்டெண்டோ ஜப்பான்ல 1983 ஜூலையில ஃபேமிகாம்னு ஒன்ன விட்டாங்க, 14,800 யென்னு. அதே கேசட்டு ஓடற மாதிரி தைவான்ல டிஎக்ஸ்சின்னு ஒரு கம்பெனி செஞ்சதுதான் மைக்ரோ ஜீனியஸ். நம்ம பக்கம் ஒரிஜினல பாத்தவங்க ரொம்பக் கம்மி. எங்க சித்தப்பா ஒருத்தரு கப்பல்ல வேல செஞ்சாரு, அவரு ஜப்பான்லேந்து ஒரிஜினல் ஃபேமிகாமே கொண்டாந்தாரு, வந்த அன்னைக்கே சுவத்துல குத்துனாரு. அங்க 100 வோல்ட்டு, இங்க 240. அடாப்டர்லேந்து பொக வந்துச்சு பாரு, பாட்டி ஓடியாந்து தண்ணி ஊத்தப் பாத்துச்சு. நான் சால்டர் புடிக்க ஆரம்பிச்சது அந்தக் கதையிலதான்.

மேல்லயம்77:
கிராணிமவன், நீங்க எந்தத் தோட்டம்னு சொல்லவே வேணாம், குவார்ட்டர்ஸ், மஞ்ச கேசட்டு, துப்பாக்கி, எல்லாத்தயும் வச்சுப் பாத்தா எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் மேல் லயம். வாசல்ல பெரிய ரம்புத்தான் மரம் இருந்த வீடு உங்களது. சரியா?

நீங்க எழுதுனதுல ஒன்னு மட்டும் சரி பண்ணிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. "லயத்துப் பசங்க எல்லாம் எங்க வீட்டுல கெடப்பானுங்க"ன்னு சொன்னீங்க. கெடக்கல. ஜன்னலுக்கு வெளிய நின்னோம். உள்ள போனவனுங்க பெரிய கிராணி, அதான் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா மவன், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்சர் மவன், உங்களோட டவுன் ஸ்கூலுக்குப் போன ரெண்டு பேரு. நாங்க அந்த இரும்புக் கம்பிய புடிச்சுக்கிட்டு, கீழ கல்ல அடுக்கி மேல ஏறி, தல தெரியாம பாத்துக்கிட்டு நிப்போம். உங்க அம்மா நல்லவங்கதான், ஒரு தடவ முறுக்கு கூட ஜன்னல் வழியா குடுத்தாங்க. உள்ள மட்டும் கூப்புடல, எங்க கால்ல செம்மண்ணு.

நீங்க கான்ட்ராங்கற சுடற ஆட்டத்துல ரெண்டாவது ஸ்டேஜ தாண்ட முடியாம செத்து செத்துப் போவீங்க, வெளிய நிக்கற எங்களுக்கு எங்க குதிக்கணும்னு தெரியும், கத்துனா ஜன்னல சாத்திருவீங்கன்னு வாய மூடிக்கிட்டு நிப்போம். அது ஒரு கொடும.

கிராணிமவன்_சிப்புட்:
ரம்புத்தான் மரம் சரிதான். அடடா. எனக்கு வேற மாதிரிதான் ஞாபகம் இருக்கு, நெறைய பேரு இருந்த மாதிரி, சத்தமா. ஜன்னல் பக்கம் இருந்த சத்தத்த உள்ள இருந்ததா நெனச்சுக்கிட்டேனோ என்னமோ.

அப்பா அதுக்கு 180 வெள்ளி, அதான் ரிங்கிட், குடுத்தாரு, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, ரெண்டு மாசம் அம்மாகிட்ட ஏச்சு வாங்குனாரு.

மேல்லயம்77:
180 வெள்ளி. எங்க அம்மா காலைல அஞ்சு மணிக்கு ஆள் கணக்கு எடுக்கற பெரட்டுக்குப் போயி, ரப்பர் பால் வெட்டி, பால் தூக்கி, ஸ்டோருக்கு வந்து நிறுத்தா ஒரு நாளைக்கு பத்து பன்னண்டு வெள்ளி நின்னாலே அதிகம், மழ பேஞ்சா அதுவும் இல்ல. அதனால எங்க லயத்துல யாரும் செட்டு கேக்கவே மாட்டோம். கேட்டா என்ன பதில் வரும்னு தெரியும்ல.

ஆனா ஒன்னு சொல்லணும். பின்னால, 93 வாக்குல இருக்கும், லயத்துல ஒரே ஒரு வீட்டுக்கு செட்டு வந்துச்சு, லோரி ஓட்டற அண்ணன் வீடு. அப்பத்தான் நெசமா ஆடுனோம். எங்க டிவிசன்ல அப்பவும் தோட்டத்து இஞ்சின் கரண்டுதான், சாயங்காலம் ஆறரைக்குப் போட்டா பத்து மணிக்கு அமத்திருவாங்க. மாரியோவுல சேவ் கெடையாது. எட்டு உலகம், ஒரு உலகத்துக்கு நாலு ஸ்டேஜ், மொத்தம் 32, ஒழுங்கா போனா முடிக்கவே முடியாது, இஞ்சின் நின்னா எல்லாம் போச்சு, நாளைக்கு திரும்ப மொதல்லேந்து. அதனாலதான் எங்களுக்கு அந்த குறுக்கு வழி எல்லாம் மனப்பாடம். ஒன்னு ரெண்டுல கூரைக்கு மேல ஏறி ஓடுனா நாலாவது உலகத்துக்குப் போற குழாய், நாலு ரெண்டுல கொடி மேல ஏறுனா எட்டாவது உலகம். ஒம்பதே முக்காலுக்கு கடைசி கோட்டைக்குப் போயிருவோம். இஞ்சின்காரரு வீட்டுக்குப் போயி "தாத்தா இன்னும் அஞ்சு நிமிசம்"னு கெஞ்ச ஒருத்தன தனியா அனுப்பி வைப்போம், நெசமா.

எங்களுக்கு பத்து மணிதான் எமன், அந்த நெருப்பு கக்குற ராஜா எல்லாம் அதுக்கு அப்பறம்தான்.

பால்வெட்டு_பேத்தி:
படிச்சு சிரிச்சு முடியல, அந்த இஞ்சின் தாத்தா எங்க சொந்தத் தாத்தா!! அவருக்கு கண்ணு சரியா தெரியாது, கடிகாரத்த பாத்து சொல்ல ஆளு வேணும், அந்த ஆளு நான். எத்தன தடவ பத்து மணிய ஒம்பது அம்பதுன்னு சொல்லியிருக்கேன்னு உங்க யாருக்கும் தெரியாது. ஒரு தேங்க்ஸ் கூட வரல இத்தன வருசத்துல.

இன்னொன்னு. ரெண்டு பேரும் ஜன்னலுக்கு உள்ள, ஜன்னலுக்கு வெளியன்னு பேசுறீங்க. பொம்பளப் புள்ளைங்க ஜன்னல்கிட்ட கூட வரல. லோரி அண்ணன் வீட்டுலயும் நாங்க பின்னால திண்ணையில உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே பாப்போம். கைப்பிடி எனக்கு கெடச்சது மொத்தமா நாலு தடவ, அதுவும் ரெண்டாவது கைப்பிடி, அண்ணன் மாரியோ, நான் லூய்ஜி, அண்ணன் சாகறவரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கணும், அவன் செத்தா "இரு இந்த எடத்த மட்டும் நான் தாண்டிக் குடுக்கறேன்"னு என் முறையையும் புடுங்கிருவான். எல்லா தங்கச்சிக்கும் தெரிஞ்ச கதை.

டெட்ரிஸ்தான் என்னோடது. பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, கையில புடிக்கற சின்ன செங்கல் கேம் ஒன்னு வித்துச்சு பாருங்க, 9999 ஆட்டம்னு பெட்டியில போட்டிருக்கும், உண்மையில கொஞ்ச ஆட்டம்தான், வேகம் மட்டும் மாறி மாறி வரும். அத வாங்கிக் குடுத்தாரு தாத்தா. டிவி வேணாம், கரண்டு வேணாம், ரெண்டு பேட்டரி, போர்வைக்குள்ளயே ஆடலாம். தோட்டத்துலயே என்ன அடிக்க ஆள் இல்ல.

சிடிக்கடை_அண்ணன்:
நான் டவுன்ல கட வச்சிருந்தேன், 98லேந்து 2005 வரைக்கும், பழைய பஸ் ஸ்டேண்டு பக்கம், நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அஞ்சு டிவி, அஞ்சு பிளேஸ்டேஷன், ஒரு மணி நேரம் ரெண்டு வெள்ளி. அதுக்கு முன்னால கேசட் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தேன், சைக்கிள்ல தோட்டம் தோட்டமா போயி. அந்த "ரா" கேசட்டு என்னோடதா இருக்கலாம். பகல் வாடகைக்கு "ப", ராத்திரி வாடகைக்கு "ரா"ன்னு குறி போடுவேன். ராத்திரி கேசட்டு காலைல ஏழு மணிக்கு திரும்பி வரணும். உங்க கேசட்டுக்கு சுமார் முப்பது வருசம் வாடகை பாக்கி நிக்குது கிராணி தம்பி, கணக்கு போட்டு வைங்க.

சரி விசயத்துக்கு வரேன். கேசட்டுலேந்து சிடிக்கு மாறுனதுதான் பெரிய மாத்தம், அத யாரும் இங்க பேசல. மாரியோ ஆட்டம் மொத்தமே 40 கேபி, இன்னைக்கு நீங்க வாட்சாப்புல அனுப்புற காலை வணக்கம் படம் அத விட பெரிசு. அந்த எடத்துக்குள்ள அடைக்கணும்னு மேகத்தயும் புதரயும் ஒரே படமா வச்சு கலர மட்டும் மாத்துனானுங்க, போயி உத்துப் பாருங்க. சிடி வந்ததும் 650 எம்பி. பேச்சு, பாட்டு, சினிமா மாதிரி காட்சி, எல்லாம் உள்ள வந்துருச்சு. கேசட்டு செய்ய சிப்பு வேணும், காசு வேணும். சிடி தட்டு அச்சடிக்க கொஞ்ச காசுதான். வேடிக்கை என்னன்னா பிளேஸ்டேஷன் பொறந்ததே ஒரு கல்யாணம் நின்ன கதையிலதான். நிண்டெண்டோவும் சோனியும் சேந்து சிடி ஓடற செட்டு செய்யறதா பேசி வச்சிருந்தாங்க, 91ல நிண்டெண்டோ கையக் கழுவிட்டு பிலிப்ஸ் பக்கம் போயிருச்சு, சோனிக்கு ரோசம் வந்து தனியா செஞ்சு 94 டிசம்பர்ல விட்டான். பத்து கோடிக்கு மேல வித்துச்சு. பொண்ணு வேணாம்னு போனவன் கதி மாதிரி.

எங்க கடைல ஓடுனது பூரா அஞ்சு வெள்ளி சிடிதான், மறைக்க என்ன இருக்கு. ஒரிஜினல் தட்டோட உள் விளிம்புல ஒரு நெளிவு இருக்கும், அதுக்குள்ள நாலு எழுத்து ஒளிஞ்சிருக்கும், சாதா ரைட்டர்ல அத எழுத முடியாது. அந்த நாலு எழுத்து வரலன்னா செட்டு ஓடாது. அதனால ஈப்போவுல குடுத்து ஒரு சின்ன சிப்ப உள்ள ஒட்ட வச்சோம், அது சும்மா அந்த நாலு எழுத்த செட்டு காதுல சொல்லிக்கிட்டே இருக்கும். அம்புட்டுதான் ரகசியம்.

பையனுங்க ஆட்டத்த சேமிக்கற மெமரி கார்ட கயித்துல கோத்து தாயத்து மாதிரி கழுத்துல போட்டுக்கிட்டு வருவானுங்க. 15 கட்டம்தான் அதுல எடம். ஒருத்தனோட வின்னிங் லெவன் கால்பந்து ஆட்டத்து டீம இன்னொருத்தன் தெரியாம அழிச்சுட்டான்னு கட வாசல்ல கைகலப்பே நடந்திருக்கு. வின்னிங் லெவன் ஜப்பான் மொழியில இருக்கும், ஒரு எழுத்து தெரியாது யாருக்கும், ஆனா மேலேந்து மூணாவது, அப்பறம் வலது, அப்பறம் கீழ ரெண்டுன்னு பூரா மெனுவும் விரல்ல மனப்பாடம். அஞ்சாம் வகுப்பு வாய்ப்பாடு தெரியாதவனுக்கு இது தெரியும்.

செட்டு சூடாகி சிடிய படிக்கற கண்ணு தேஞ்சு போச்சுன்னா தலகீழா கவுத்து வச்சு ஓட்டுவோம். ஓடும்!

மேல்லயம்77:
தலகீழ் பிளேஸ்டேஷன்!! அத மறந்தே போயிட்டேன். உங்க கடைக்கு நான் வந்திருக்கேன் அண்ணே. அதுக்கும் முன்னால டவுன்ல சைனக் கட ஒன்னுல ஸ்ட்ரீட் பைட்டர் மெசின் ரெண்டு நின்னுச்சு, இருவது காசு போட்டு ஆடறது. எல்லாரும் தால்சிம எடுப்போம், யோகா பயர் விடற இந்தியக்காரன், நம்ம ஆளுல்ல. கை ரப்பர் மாதிரி நீளும். அப்பறம்தான் தோணுச்சு, நம்ம ஆளு கழுத்துல எதுக்குடா மண்டையோடு மாலை, நம்ம ஊருல யாரு அப்படி போட்டுக்கிட்டு திரியறான்? ஜப்பான்காரன் நம்மள அப்படித்தான் நெனச்சிருக்கான். சீனப் பையன் சுன் லீ எடுத்து எங்கள பந்தாடுவான், ரப்பர் கை ஒன்னுத்துக்கும் ஒதவல.

மித்திக்_தம்பி:
அண்ணன்மாரே, அக்கா, எல்லாம் நல்லாருக்கு, ஆனா எனக்கு ஒரு கேள்வி. நான் இப்பவும் தோட்டத்துலதான் இருக்கேன், இப்ப செம்பனை, அப்பா குலை வெட்டுறாரு. எங்க லயத்துல இன்னைக்கும் பிளேஸ்டேஷன் 5 யார் வீட்டுலயும் இல்ல, ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல யாரு குடுக்கறது. ஆனா போன் எல்லார்கிட்டயும் இருக்கு. மொபைல் லெஜண்ட்ஸ்னு அஞ்சுக்கு அஞ்சு பேரு மோதற போன் ஆட்டம், அத எறக்க காசு கெடையாது. நாங்க அஞ்சு பேரு ஒரு டீம், ஒருத்தன் அப்பா மண்டோரு, அதான் மேஸ்திரி, ஒருத்தன் அப்பா வெளிய குப்ப லோரி, எவன் பெரியவன்னு ஆட்டத்துக்குள்ள யாருக்கும் தெரியாது. எவனும் ஜன்னலுக்கு வெளிய நிக்கல. மேல்லயம் அண்ணன் சொன்னத படிச்சப்பறம் எனக்கு இதுதான் தோணுச்சு. "அந்த காலத்துல ஒத்துமையா ஆடுனோம்"ங்கறது வீட்டுக்குள்ள இருந்தவங்க சொல்ற கதையா?

கெணத்து மேட்டுலதான் எங்களுக்கு லைன் நல்லா கெடைக்கும், ராத்திரி அஞ்சு பேரும் அங்கதான் கொசுக்கடியில உக்காந்திருப்போம். தனித்தனி ரூம்ல இல்ல.

அப்பறம் இது சும்மா வெளையாட்டுன்னும் சொல்லாதீங்க. 2019ல மொபைல் லெஜண்ட்ஸ் மொத உலகப் போட்டியே நம்ம கே.எல் அக்சியாத்தா அரேனாவுலதான் நடந்துச்சு. 2024ல சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் ரியாத்துல போயி எம்எஸ்சிங்கற மொபைல் லெஜண்ட்ஸ் கப்ப தூக்குனாங்க, மலேசிய டீம், பரிசு பத்து லட்சம் அமெரிக்க டாலரு. அன்னைக்கு ராத்திரி கெணத்து மேட்டுல நாங்க போட்ட சத்தத்துல நாய் எல்லாம் கொலச்சுச்சு.

கிராணிமவன்_சிப்புட்:
தம்பி நியாயமா கேக்கற, பதில் சொல்றேன். காசு கெடையாதுன்னு சொல்றியே, அதுதான் எனக்கு பயம். செட்டு வாங்கும்போது அப்பா ஒரு தடவ 180 வெள்ளி குடுத்தாரு, அதோட முடிஞ்சுது. என் மவன் "காசு இல்லாத" ஆட்டத்துல உடுப்பு வாங்கறேன் வைரம் வாங்கறேன்னு ஒரே மாசத்துல 300 வெள்ளிக்கு மேல என் பேங்க் கார்ட தேச்சிருக்கான். ஒரு சட்ட, அதுவும் இல்லாத ஆளுக்கு.

இன்னொன்னு, நான் அவனுக்கு காசு குடுத்து வாங்குன ஒரு கேம், கம்பெனி பேரு வேணாம், பழைய ஈமெயில் பாஸ்வேர்டு மறந்து போனதால இன்னைக்கு வரைக்கும் தொறக்க முடியல. மூணு மாசமா எழுதறேன், மெசின்தான் பதில் போடுது. அந்த மஞ்ச கேசட்டு இருவது வருசம் மைலோ பெட்டியில கெடந்தும் என்கிட்ட பாஸ்வேர்டு கேக்கல.

சால்டர்_மணி:
இதுல கிராணி அண்ணன் பக்கம்தான் நான். இப்ப காசு குடுத்தாலும் பொருள் நம்மளோடது இல்ல, ஆட அனுமதிதான். 2024 அக்டோபர்லேந்து கம்ப்யூட்டர் ஆட்டம் விக்கற ஸ்டீம் கடையிலயே காசு கட்டற எடத்துல அத எழுதிப் போடறான், நீ வாங்கறது லைசென்சுன்னு. தி க்ரூன்னு 2014ல வந்த காடி ஓட்டற ஆட்டம், அத வித்த யூபிசாஃப்ட் கம்பெனி 2024ல சர்வர நிறுத்துனான், காசு குடுத்து தட்டு வாங்குனவன் கையிலயும் அது வெறும் தட்டுதான். அதுக்கப்பறம்தான் ஐரோப்பாவுல ஆட்டங்கள கொல்லாதீங்கன்னு கையெழுத்து வாங்க ஆரம்பிச்சு பத்து லட்சத்த தாண்டுச்சு. நிண்டெண்டோவும் 3டிஎஸ்ங்கற கையில புடிக்கற செட்டோட ஆன்லைன் கடைய 2023 மார்ச்சுல சாத்திட்டான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு வாரம் எரவல் குடுக்க முடியுமா இப்ப? தட்டு போடற எடமே இல்லாத செட்டு விக்கறானுங்க.

மித்திக்_தம்பி:
அண்ணே மன்னிக்கணும், அந்த 42 ஆட்டம் கேசட்டு மட்டும் யாருது? கான்ட்ரா செஞ்ச கோனாமிக்கும் நிண்டெண்டோவுக்கும் ஒரு காசு போகல. அஞ்சு வெள்ளி சிடியும் அப்படித்தான். உங்க தலைமுறையும் எதையும் சொந்தமா வாங்கல, திருடுனத பத்திரமா வச்சிருந்தீங்க. ஹாஹா.

சிடிக்கடை_அண்ணன்:
டேய் தம்பி அடிச்சிட்டியே. பதில் இல்ல.

பால்வெட்டு_பேத்தி:
ஹாஹாஹா நல்லா கேட்டான்.

ஆனா தம்பி, நான் இப்ப கே.எல்ல ஒரு ஸ்டூடியோவுல படம் வரையற வேல, ஆட்டத்துல வர்ற வீடு, மரம், கல்லு எல்லாம் நாங்க பதினஞ்சு பேரு உக்காந்து செய்யறோம், அதனால அஞ்சு வெள்ளி சிடின்னா எனக்கு இப்ப வயித்த கலக்குது. நம்ம நாட்டுல ஆட்டம் செய்வாங்களான்னு கேக்கறவங்களுக்கு சொல்றேன், நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ் 2020ல, ஜிகாபாஷ் 2022ல, ரெண்டும் மலேசிய ஸ்டூடியோ செஞ்சது. பால்டர்ஸ் கேட் 3 செஞ்ச லாரியனுக்கே கே.எல்ல ஆபீஸ் இருக்கு. மொதல்ல வேலைக்கு சேந்தப்ப அம்மாவுக்கு என்ன வேலன்னு சொல்லிப் புரிய வைக்க முடியல. "அந்த மஞ்ச கேசட்டு வேலயா"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா அதான்னு சொல்லிட்டேன்.

கஸ்டமான ஆட்டத்த நாங்களும் சோதிச்சுப் பாக்கணும்ல, அப்ப எல்லாம் எனக்கு ஹாஷிமோட்டோ ஞாபகம்தான் வரும். கஸுஹிசா ஹாஷிமோட்டோன்னு கோனாமி ஆளு, 1986ல கிராடியஸ் ஆட்டத்த ஃபேமிகாமுக்கு மாத்தறப்ப அவராலயே தாண்ட முடியல, அதனால தனக்குன்னு ஒரு குறுக்கு வழி போட்டாரு, மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ. எடுக்க மறந்து அப்படியே வெளிய போயிருச்சு. அதுதான் கான்ட்ராவுல 30 உசுரு. 2020ல தவறிட்டாரு மனுசன். மேல்லயம் அண்ணே, ஜன்னலுக்கு வெளியேந்து நீங்க அத மட்டும் கத்தியிருந்தா போதும், கிராணி வீட்டுல எல்லாரும் பொழச்சிருப்பாங்க.

மேல்லயம்77:
அது எங்களுக்குத் தெரியும் தங்கச்சி. வேணும்னேதான் சொல்லல.

கிராணிமவன்_சிப்புட்:
அடப்பாவிகளா.

சரி, ஸ்டிக்கர் படிச்சேன் மணி. 9 வோல்ட், வட்டத்துக்கு நடுவுல நெகட்டிவ். பின்னால மஞ்ச ஓட்ட இருக்கு, தூசி அடஞ்சு கெடந்துச்சு. கேசட்ட வாய் வச்சு ஊதிப் பாத்தேன், பழக்கம் விடல.

சால்டர்_மணி:
ஊதாதீங்க! எச்சில் பட்டு காலு துருப்புடிச்சிரும். அந்த காலத்துலயும் ஊதுனதால ஓடல, கழட்டி திரும்பக் குத்துனதாலதான் ஓடுச்சு, பேரு மட்டும் காத்துக்கு. பார்மசியில ஐசோ ஆல்கஹால் வாங்கி, காது குடையற பஞ்சுக் குச்சியில நனச்சு அந்த தங்கக் காலு வரிசைய தொடைங்க, மொத்தம் 60 காலு, கறுப்பு வர்றது நிக்கறவரைக்கும் தொடைக்கணும். காஞ்சப்பறம்தான் போடணும். மொதல்ல ஆட்டம் கறுப்பு வெள்ளையா வந்தா பயப்படாதீங்க, சில கேசட்டு சில செட்டுக்கு அப்படித்தான், டிவியில கலர் முறைக்கு PAL, NTSCனு ஒரு எடம் இருக்கும், மாத்திப் பாருங்க.

கிராணிமவன்_சிப்புட்:
நன்றி மணி. வர்ற ஞாயித்துக்கெழம போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். எல்லாரும் பக்கத்துலதான் இருக்கீங்க போல, வீட்டுக்கு வாங்களேன், அம்மாவும் இருக்காங்க, முறுக்கு உண்டு. மித்திக் தம்பி, உன் டீமயும் கூட்டிக்கிட்டு வா, என் மவன் உன் ரேங்க் என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.

அந்த "ரா" விசயம் மட்டும் முடியல. சிடிக்கடை அண்ணன் ராத்திரி வாடகைன்னு சொல்றாரு.

மேல்லயம்77:
பொய். எங்க அண்ணன் பேருல மொத எழுத்து "ரா". லோரி அண்ணன் வீட்டுலேந்து நாங்க எரவல் வாங்கி, அத எங்க அண்ணன் டிரெஸ்சர் மவனுக்கு எரவல் குடுத்து, அவன் உங்ககிட்ட குடுத்திருக்கான். 94லேந்து தேடறோம்.

சிடிக்கடை_அண்ணன்:
லோரிக்காரரு வீட்டுக்கு அந்த கேசட்ட வாடகைக்கு விட்டதே நான்தான்டா.

பால்வெட்டு_பேத்தி:
எழுத்து யாரோடதா வேணா இருக்கட்டும், கியூட்டெக்ஸ் என்னோடது. பாட்டில் பாதி காலியாயிருச்சுன்னு அம்மாகிட்ட அடி வாங்குனது நான். ஞாயித்துக்கெழம மொத கைப்பிடி எனக்கு. ரெண்டாவது இல்ல, மொதக் கைப்பிடி.

மேல்லயம்77:
வரேன். ஒன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும் கிராணிமவன், உள்ளயா, ஜன்னலுக்கு வெளியயா?

கிராணிமவன்_சிப்புட்:
தாமான் வீட்டுல அந்தப் பக்கம் ஜன்னலே இல்ல அண்ணே. உள்ளதான் வரணும்.

சால்டர்_மணி:
அடாப்டர் நான் கொண்டாரேன். நான் வர்றதுக்கு முன்னால யாரும் எதையும் குத்தாதீங்க.